பிறவி வரமும் பழகிய சுதந்திரமும்

கலைஞன் பிறக்கிறான், அவனை எவரும் ஆக்குவதில்லை என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் ஒரு கூற்று. பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் இதனை நாம் அடிக்கடி கேட்கிறோம். நன்றாகப் பாடும் பிள்ளையைப் பார்த்து, இது ஆண்டவன் கொடுத்த வரம் என்கிறோம். பாட வராத பிள்ளையிடம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்லாமலே பின்வரிசைக்கு அனுப்பிவிடுகிறோம். முதற் பிள்ளையைப் புகழ்ந்த அதே வாக்கியம் இரண்டாவது பிள்ளையைத் தள்ளிவைக்கவும் போதுமானதாக இருக்கிறது. புகழ்ச்சிபோலத் தோன்றும் இவ்வாக்கியத்தின் உட்பொருள் யாது? இதனால் நன்மை அடைவோர் யாவர்? இழப்பவர் யாவர்?

இவ்வினாக்களைப் பொதுப்பட ஆராய்வதிலும், ஒரு குறிப்பிட்ட கலையை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘புளூஸ்’ இசையை, அதிலும் அதனைப் பியானோவில் மனோதர்மமாக வாசிக்கப் பழகும் முறையை, இங்கே எடுத்துக்கொள்கிறோம். பிறவி வரம் என்னும் சொல் இக்கலைஞர்மீது வீசப்பட்ட அளவிற்கு வேறெவர்மீதும் வீசப்பட்டதில்லை. காரணம் வெளிப்படை. எழுதிய சுரத்தாளைப் பார்த்து வாசிப்பவனைக் கற்றவன் என உலகம் ஒப்புக்கொள்ளும். தாளேதும் இன்றி, அந்தக் கணத்திற் தோன்றியதை வாசிப்பவனைக் கண்டால், இவன் கற்றவன் அல்லன், வரம் பெற்றவன் என்று அதே உலகம் முடிவுகட்டிவிடும். அம்முடிவு சரியானதா என்பதை அறிய, அவன் கைகள் செய்யும் வேலையைச் சற்று நெருங்கி நின்று பார்த்தல் வேண்டும்.

புளூஸ் இசைக்குத் தனியொரு கர்த்தா இல்லை. அமெரிக்காவில் அடிமைமுறை 1865 இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. எனினும் தென் மாநிலங்களின் பருத்தி வயல்களில் விடுதலை பெற்ற மக்கள் வாரக்குடிகளாகவும் கடனாளிகளாகவும் கட்டுண்டு கிடந்தனர். வயலிலே ஒருவர் அழைக்க மற்றவர் விடையிறுக்கும் தொழிற்பாடல்களும், தேவாலயப் பாடல்களும், தனித்து நின்று உழுபவன் எழுப்பும் நீண்ட கூவலும் கலந்து, அந்நூற்றாண்டின் இறுதியளவில் இவ்விசை உருப்பெற்றது. 1912 இலும் 1914 இலும் புளூஸ் பாடல்களை அச்சிட்டுப் பெரும்புகழ் பெற்ற டபிள்யூ. சி. ஹான்டி, தாம் அதனை உண்டாக்கினார் அல்லர், கேட்டறிந்தவர். மிசிசிப்பியில் டட்வைலர் என்னும் ஊரின் புகையிரத நிலையத்தில், கந்தல் அணிந்த ஒருவர் கிட்டார் நரம்பின்மீது கத்தியை அழுத்தி வாசித்ததைத் தாம் கேட்ட செய்தியை 1941 இல் வெளியான தமது சுயசரிதையில் அவரே எழுதியுள்ளார். அந்த மனிதனின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகச் செல்லலாம். பியானோவைச் சுமந்து செல்ல இயலாது. ஆகவே பியானோ இருக்கும் இடத்தைத் தேடி வாசிப்பவன் சென்றான். மரம் வெட்டும் முகாம்களிலும் புகையிரதப் பாதை அமைக்கும் முகாம்களிலும் இருந்த சாராயக் கொட்டில்களே அவனுடைய அரங்குகள். அங்கே ஒரு பழைய பியானோ ஒரு முழு வாத்தியக் குழுவின் வேலையையும் செய்யவேண்டியிருந்தது. இடக்கை மேளமாயிற்று, வலக்கை பாடகனாயிற்று. பகல் முழுவதும் கோடரி பிடித்தவர்கள் இரவில் ஆடுவதற்கு வேண்டிய தாளத்தை அந்த இடக்கை இடையறாது கொடுத்தது. பின்னாளில் ‘பூகி-வூகி’ எனப் பெயர் பெற்ற அந்நடையை இரயிற் சில்லுகளின் ஓசைக்கு ஒப்பிடுவது வழக்கம்.

இனி, இக்கலையைப் பழக வரும் மாணவன் ஒருவனைப் பியானோவின் முன் இருத்துவோம்.

அவன் முதலிற் கற்பது ஒரு கட்டுக்கோப்பு. நான்கு தட்டுகள் கொண்ட தாள அலகுகள் பன்னிரண்டு. ஆக நாற்பத்தெட்டுத் தட்டுகள். முதல் நான்கு அலகுகளில் இடக்கை ஷட்ஜத்தின் மேல் எழும் சுரக்கூட்டில் நிற்கும். அடுத்த இரண்டில் மத்திமத்திற்கு நகரும். பின் இரண்டு அலகுகள் மீண்டும் ஷட்ஜம். ஒன்பதாவதிற் பஞ்சமம், பத்தாவதில் மத்திமம், இறுதி இரண்டில் ஷட்ஜத்திற்கே திரும்பும். பாடலும் இதற்கேற்ப மூன்று அடிகளால் ஆனது. முதலடியைப் பாடகன் ஒருமுறை சொல்கிறான். அதனையே மறுபடியும் சொல்கிறான். மூன்றாம் அடியில் அதற்கு விடை சொல்கிறான். ஒவ்வோர் அடியிலும் குரல் பாதியளவே ஒலிக்கும். எஞ்சிய பாதி, வாத்தியம் மறுமொழி கூறுவதற்கென விடப்பட்ட இடம். வயலில் ஒருவர் அழைக்கப் பலர் விடையிறுத்த வழக்கம் இங்கே இசையின் இலக்கணமாக நிலைத்துவிட்டது.

மாணவன் செய்யும் முதற் பிழை, வலக்கையின் ஆசையால் இடக்கையைப் பாதியிற் கைவிடுவது. அனுபவமுள்ள ஆசிரியர் அவனை இடக்கையோடு மட்டும் பல வாரங்கள் இருக்கச் செய்வார். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டிருக்கும்போதும் அந்தப் பன்னிரண்டு அலகுகளும் வழுவாது சுழன்றுவர வேண்டும். அதன் பின்னரே வலக்கை. அதுவும் இரண்டு அல்லது மூன்று சுரங்களோடு தொடங்கும். ஒரு சிறு தொடரைச் சொல், நிறுத்து, அதற்கு விடை சொல். வாசிப்பதற்கு முன் வாயாற் பாடு. வாய் பாட அறியாததை விரல் வாசிக்குமாயின், அது விரலின் பழக்கமே அன்றி மனத்தின் கூற்று அன்று.

இரண்டாவது பிழை இதனிலும் நுட்பமானது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பிரதி மத்திமம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் என்னும் ஆறு சுரங்களும் புளூஸ் சுரவரிசை எனக் கற்பிக்கப்படுகின்றன. இவற்றைப் பன்னிரண்டு அலகுகளில் எங்கே வாசித்தாலும் பெரும் பிழை தோன்றாது. மாணவன் இதனைக் கண்டுகொண்ட அன்று பேரானந்தம் அடைகிறான். எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம், எல்லாம் பொருந்துகிறது, தான் சுதந்திரன் ஆகிவிட்டதாக எண்ணுகிறான். சில மாதங்கள் சென்றபின், தான் வாசிப்பதெல்லாம் ஒன்றுபோலவே ஒலிப்பதை அவனே உணர்கிறான். எங்கும் பொருந்துவது எந்த இடத்தைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. பிழைபட வழியில்லாத இடத்திற் சரியாகச் சொல்வதற்கும் வழியில்லை.

இதிலிருந்து மீளும் வழி செவியிலேயே உண்டு. ஷட்ஜத்தின் மேல் எழும் சுரக்கூட்டில் அந்தர காந்தாரம் இடம்பெறுகிறது. ஐந்தாவது அலகில் இடக்கை மத்திமத்திற்கு நகரும்போது, புதிய சுரக்கூட்டு சாதாரண காந்தாரத்தை வேண்டி நிற்கிறது. வலக்கை அந்தக் கணத்தில் அந்தர காந்தாரத்திலிருந்து ஒரே ஒரு கட்டை கீழிறங்கினாற் போதும். வீடு மாறியது கேட்பவனுக்குத் தெரிந்துவிடும். நூறு சுரங்களை வேகமாக அடுக்குபவனைக் காட்டிலும், உரிய நேரத்தில் இந்த ஒரு கட்டையை இறக்குபவன் அதிகம் சொல்லிவிடுகிறான். அவன் செய்தது யாது? தன் இடக்கை சொல்வதைத் தன் வலக்கையாற் கேட்டான். கேட்டு விடை சொல்வதே இக்கலையில் மனோதர்மம் எனப்படுவது.

இன்னுமொன்று. புளூஸ் பாடுவோரின் உயிர்ச்சுரம் சாதாரண காந்தாரத்திற்கும் அந்தர காந்தாரத்திற்கும் இடையே எங்கோ கிடக்கிறது. குரல் அதனை எளிதில் எட்டும். நரம்பை வளைத்துக் கிட்டாரும் எட்டும். பியானோவில் அது இல்லை. ஐரோப்பிய வரவேற்பறைகளுக்கென அமைக்கப்பட்ட அவ்வாத்தியத்தில் ஒவ்வொரு கட்டையின் சுருதியும் முன்னரே நிறுத்தப்பட்டது. கமகத்திற்கு அங்கே இடமில்லை. கொட்டிலில் வாசித்தவர்கள் என்ன செய்தனர்? கறுப்புக் கட்டையிலிருந்து அடுத்துள்ள வெள்ளைக் கட்டைக்கு விரலை வழுக்கவிட்டனர். சிலவேளை இரண்டையும் ஒருங்கே அழுத்தினர். இரண்டும் உரசும் இடத்திலே, வாத்தியத்தில் இல்லாத மூன்றாவது சுரம் கேட்பவன் செவியிற் பிறந்தது. தம் குரலுக்கு இடமளிக்காத ஒரு கருவியைத் தம் குரலிற் பேசவைத்த செயல் இது. இதனை எந்தக் குழந்தை தாயின் வயிற்றிலிருந்து கற்றுக்கொண்டு வந்தது?

வரலாறும் இதனையே கூறுகின்றது. வறுமையும் வன்கொடுமையும் துரத்தத் தெற்கிலிருந்து வடக்கிற்கு மக்கள் பெயர்ந்தனர். 1910 இல் ஏறத்தாழ 44,000 ஆக இருந்த சிக்காகோவின் கறுப்பினத்தவர் தொகை, 1930 இல் ஏறத்தாழ 2,34,000 ஆயிற்று. அந்நகரின் தென்பகுதியில் வீட்டு வாடகை கட்ட முடியாதவர்கள் தம் வீட்டிலேயே விருந்து வைத்து, வந்தவர்களிடம் சிறு கட்டணம் வாங்கி வாடகையை ஒப்பேற்றினர். அவ்விருந்துகளின் மையம் பியானோ. 1907 இற் பிறந்த அல்பேர்ட் அமன்ஸ், பத்து வயதளவில், தானே இயங்கும் பியானோலா வாத்தியத்தில் எந்தெந்தக் கட்டைகள் தாழ்கின்றன என்று பார்த்து, அவற்றிற் பென்சிலால் அடையாளமிட்டுச் சுரக்கூட்டுகளைக் கற்றார். அவருடைய தோழர் மீட் லக்ஸ் லூயிஸ் அவரோடு கூடவிருந்து பழகினார். இருவரும் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்தவர்கள். 1928 இல் பைன்டொப் சிமித் என்னும் மற்றொரு வாத்தியக்காரரும் அவர்கள் தங்கியிருந்த வீட்டிலேயே குடியிருந்தார். அவ்வாண்டு டிசெம்பரில் அவர் பதிவுசெய்த இசைத்தட்டே பூகி-வூகி என்னும் பெயரை நாடெங்கும் பரப்பியது. அடுத்த ஆண்டு, 24 வயதில், அவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார்.

இவர்களுக்கு மூத்தவரான ஜிம்மி யான்சி, சிக்காகோவின் விளையாட்டு மைதானம் ஒன்றில் ஏறத்தாழ 25 ஆண்டுகள் புற்றரையைப் பராமரிக்கும் தொழிலாளியாக இருந்தார். 1939 இலேயே அவருடைய வாசிப்பு முதன்முதலாகப் பதிவாயிற்று. எந்தச் சுருதியில் வாசித்தாலும் முடிவை ஒரே குறிப்பிட்ட சுருதிக்குக் கொண்டுவந்து நிறுத்துவது அவர் வழக்கம்; அது அவர் இட்ட கையொப்பம். எல்லோருக்கும் பொதுவான பன்னிரண்டு அலகுகளுக்குள்ளேதான் அவர் தம் பெயரையும் எழுதினார். அவரைக் கேட்டு வளர்ந்தவர்களே அமன்ஸும் லூயிஸும். சுவரும் சான்றிதழும் இல்லாவிடினும் அது ஒரு கல்விக்கூடமே. ஆசிரியர் இருந்தார், மாணவர் இருந்தனர், பாடமும் திருத்தமும் இருந்தன.

இவ்வளவு உழைப்பு இருந்தும் பிறவி வரம் என்னும் கதை எவ்வாறு நிலைபெற்றது? அதற்கு ஒரு பொருளாதாரப் பயன் இருந்தமையாலேயே நிலைபெற்றது என்பது நமது துணிபு. அடிமையாக இருந்து தப்பிவந்த பிரெடரிக் டக்ளஸ், 1845 இல் வெளியிட்ட தமது வரலாற்றில், அடிமைகள் பாடுவதை அவர்தம் மகிழ்ச்சிக்குச் சான்றாகக் கொள்வோரைக் கண்டு வியப்புற்றதை எழுதினார். பாட்டு அவர்கள் இயல்பு என்றால் துயரத்திற்கு எவரும் பொறுப்பாளி ஆகவேண்டியதில்லை. அவ்வாறே, வாசிப்பு அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்றால் உழைப்புக்கு எவரும் கூலி கொடுக்கவேண்டியதில்லை. மழைக்கு யாரும் விலை கொடுப்பதில்லை அல்லவா? 1920 களில் இசைத்தட்டுக் கம்பனிகள் இவர்கள் இசையை ‘இனத்தட்டுகள்’ எனத் தனி முத்திரையிட்டு விற்றன. வர்த்தகப் பத்திரிகை தன் பட்டியலில் அப்பெயரை மாற்றியது 1949 இலேதான். பாடியவர்களிற் பெரும்பாலோர் ஒருமுறைக் கூலியோடு அனுப்பப்பட்டனர். மீட் லக்ஸ் லூயிஸ் தமது புகழ்பெற்ற புகையிரதப் புளூஸை 1927 இல் பதிவுசெய்தார். ஜோன் ஹமன்ட் என்னும் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் 1935 இல் அவரைத் தேடிக் கண்டபோது, அவர் கார் கழுவிக்கொண்டிருந்தார்.

அந்த ஹமன்டின் முயற்சியால், 1938 டிசெம்பர் 23 ஆம் தேதி, நியூயோர்க்கின் கார்னெகி மண்டபத்தில் அமன்ஸும் லூயிஸும் கன்சாஸ் நகரத்துப் பீட் ஜோன்சனும் வாசித்தனர். அந்நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தது ‘நியூ மாஸஸ்’ என்னும் இடதுசாரி ஏடு. இது நாம் பெருமையோடு நினைக்கத்தக்கது. ஆயினும் நம் பக்கத்தாரும் பிழைசெய்யாதவர் அல்லர். நாட்டார் கலையைப் போற்றப் புகுந்த முற்போக்காளர் சிலர், அதனைக் காட்டுப் பூவென்றும் கறைபடாத இயல்புணர்ச்சியென்றும் புகழ்வதுண்டு. எசமான் சொன்னதையே அன்போடு திருப்பிச் சொல்வது இது.

வேறொரு திசையிலிருந்தும் எதிர்ப்பு வந்தது. மாக்சிம் கோர்க்கி 1928 இல் எழுதிய கட்டுரையில் ஜாஸ் இசையைக் கொழுத்தவர்களின் இசை எனக் கண்டித்தார். மார்க்சியச் சிந்தனையாளரான அடோர்னோ 1936 இல் அதனை மேலும் நுட்பமாகத் தாக்கினார். கட்டுக்கோப்பு முன்னரே வார்த்துவைக்கப்பட்டது. மனோதர்மம் என்பது அதன் மேல் ஒட்டும் அலங்காரம். ஆகவே அச்சுதந்திரம் போலியானது என்பது அவர் வாதத்தின் சாரம். இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 1940 ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பூகி-வூகி நாடளாவிய மோகமாகி, வாத்தியக்குழு ஒவ்வொன்றும் அதே இடக்கை ஓசையை அரைத்துத் தள்ளியபோது, அடோர்னோ சொன்னதே நடந்தது. நாம் மேலே கண்ட, ஆறு சுரங்களில் மகிழ்ந்து திரியும் மாணவனின் சுதந்திரமும் அத்தகையதே.

ஆனால் வார்ப்பு இருப்பதனாலேயே சுதந்திரம் போலியாகிவிடும் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. வெண்பாவின் தளை புலவனை ஊமையாக்கியதா? முன்பின் அறியாத இருவர் ஓரிரவிற் சந்தித்து ஒரு சொல்லும் பேசாது கூடி வாசிக்க முடிவது, பன்னிரண்டு அலகுகளும் இருவருக்கும் பொதுவாக இருப்பதனால். பொதுவுடைமையாக இருப்பதும் பண்டமாக விற்கப்படுவதும் ஒன்றல்ல. ஒரே கட்டுக்கோப்பு கொட்டிலில் உரையாடலாயிற்று, சந்தையில் அச்சாயிற்று. வேறுபாடு அதனை யார், யாருக்காக, எந்த உறவில் வைத்து வாசித்தார் என்பதிலேதான் உள்ளது. சிட்னி பின்கல்ஸ்டைன் 1948 இலும், எரிக் ஹொப்ஸ்போம் வேறொரு பெயரில் 1959 இலும் இவ்விசையைப் பற்றி எழுதிய நூல்கள், இடதுசாரிச் சிந்தனை கோர்க்கியின் தீர்ப்போடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சான்றுகள்.

இனி, எஞ்சியுள்ள அறவினா ஒன்று. பருத்தி வயலையும் சாட்டையையும் அறியாத ஒருவன், வேறொரு நாட்டில், வசதியான அறையில் அமர்ந்து இதனைக் கற்கலாமா? துன்பத்தை அனுபவித்தவனுக்கே இவ்விசை உரியது என்று சொல்வோர் உளர். அவர்கள் கூற்றில் நியாயமான கோபம் இருக்கிறது. ஆனால் அது மீண்டும் இரத்தத்தின் வாதத்திற்கே நம்மைக் கொண்டுசெல்லும். துன்பம் மட்டும் கலையாவதில்லை. துன்புற்றோர் அனைவரும் அமன்ஸ் ஆகவில்லை. பென்சிலோடு கட்டைகளின் முன் அமர்ந்தவரே அமன்ஸ் ஆனார். உழைப்பால் ஆக்கப்பட்டதை உழைப்பாற் கற்கலாம். ஆயின் கற்பவன் ஒரு கடனோடு கற்கிறான். இது எவ்வயலில், எவர் முதுகின்மேல் விளைந்தது என்பதை அவன் அறிந்திருத்தல் வேண்டும். யாரிடமிருந்து கேட்டானோ அவர் பெயரைச் சொல்லுதல் வேண்டும். அதனால் வருவாய் வருமாயின், உரியவர்க்கு உரிய பங்கு சேருதல் வேண்டும். இக்கடனை மறந்து சுரங்களை மட்டும் எடுத்துக்கொள்பவன், எத்துணைத் திறமையோடு வாசிப்பினும், இசைத்தட்டுக் கம்பனிகள் செய்ததையே செய்கிறான்.

ஜேம்ஸ் போல்ட்வின் 1957 இல் வெளியிட்ட ‘சன்னியின் புளூஸ்’ என்னும் சிறுகதையை ஆசிரியர்களாகிய நாம் கட்டாயம் படிக்கவேண்டும். கதை சொல்பவர் ஹார்லெமில் அட்சரகணிதம் கற்பிக்கும் ஆசிரியர். அவருடைய தம்பி பியானோ வாசிப்பவன். போதைப்பொருளுக்கு அடிமையாகிச் சிறை சென்றவன். தம்பி இசைக்கலைஞனாக விரும்பிய நாளில், அண்ணன் அவன் எதிர்காலத்திற்கு அஞ்சினாரே தவிர, அவன் சொல்வதைக் கேட்டாரில்லை. கதையின் இறுதியில், ஓர் இரவு விடுதியின் மூலையில் அமர்ந்து, முதன்முறையாகத் தம்பியின் வாசிப்பைக் கேட்கிறார். சக வாத்தியக்காரர் ஒருவர் தம்பியை ஆழத்திற்கு இறங்கிவா என்று வாத்தியத்தாலேயே அழைப்பதையும், தடுமாறிய தம்பி மெல்ல மெல்ல விடை சொல்லத் தொடங்குவதையும் அவர் காண்கிறார். வரம் என்று புகழ்ந்தோ, வீண் என்று இகழ்ந்தோ விலகி நிற்கும் வரையில் அத்தம்பியின் உழைப்பு அவர் கண்ணிற் பட்டிருக்காது.

நம் வகுப்பறைகளிலும் எத்தனையோ சன்னிகள் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிற் சிலரை வரம் பெற்றவர் என்கிறோம். பலரைப் பெறாதவர் என்கிறோம். இரண்டாலும் நாம் கற்பிக்கும் கடமையிலிருந்து தப்பிக்கொள்கிறோம். மனோதர்மம் என்னும் சொல்லிலே தர்மமும் இருக்கிறது. மனம் போனபடி போவது எளிது. பிறர் அழைப்பைக் கேட்டுத் தன் குரலில் விடை சொல்வதற்குப் பழக்கம் வேண்டும், பழக்குவோரும் வேண்டும். பத்து வயதுப் பையன் ஒருவன் பென்சிலும் கையுமாகக் கட்டைகளைக் குறித்துக்கொண்டிருக்கும்போது, அவனைப் பார்த்து வரம் என்று சொல்லாமல், அடுத்த கட்டை எது என்று அவனோடு சேர்ந்து தேடுபவரே ஆசிரியர்.